பங்களாத் தோட்டத்தில் செல்வி

பெருமாநல்லூர் பக்கம் பழைய பங்களாவையும் தோட்டத்தையும் மறுபடி திறந்துவிட்டார்கள் என்று இன்று பார்க்கப் போனேன்.

வாசலில் செல்வி நின்றாள். போன மாதம்வரை பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் என் எதிரே நின்றவள். இப்போது இங்கே வேலையாம்.

"வேல எப்படி இருக்குது கண்ணு?"

"செடிக்குத் தண்ணி உட்டுட்டு, வர்றவங்களுக்கு வழி சொல்லோணுங்க்கா. நாள் பூரா மாமரத்து நெழலுதானுங்க."

எனக்கு நாள் பூராவும் டியூப் லைட்தான். வயிறு எரிந்தது.

வழிகாட்ட முன்னால் நடந்தாள். யூனிபார்ம் டீ-சர்ட்டின் முதுகில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது.

பத்து வருடமாகத் தையல் பிரிந்த ஒரு பீஸையும் நான் விட்டதில்லை. இன்று பார்த்தும் பேசாமல் விட்டுவிட்டேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.