நம்ம ஆளும் கிழங்குப் பலகாரமும்

பலகாரம் விற்கிறவளுக்கு வருகிறவர் எல்லாரும் ஒன்று என்பார்கள். அப்படிச் சொன்னவர் ஜப்பான்காரன் காலத்தில் மலாய் நாட்டில், காஜா பெராங் தெருவில் கடை போட்டிருக்கமாட்டார். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்து விற்றுப் பிழைத்த பெண்களே, உங்களுக்கும் என்னைப்போலத் தலை சுற்றியிருக்கும்.

சாமியோடு பேசும் பாஷை

எஸ்டேட்டை விட்டுத் தம்பி முருகேசனோடு வந்து, அங்கேயுள்ள கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் வீட்டு வாசலில் கடை வைத்த புதிது. கோயிலிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நெற்றியில் திருநீறு, உடுத்தியிருந்ததோ மலாய்க்காரப் பெண்களைப்போல சாரோங் கைலியும் கெபாயா சட்டையும். தமிழில் பேசினேன், விழித்தார். பெயர் லெட்சுமியாம். செட்டி குடும்பமாம், எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இந்த ஊர்ப் பெண்களையே கட்டியவர்களாம். எல்லாம் மலாயில் சொன்னார். தமிழ் தெரியாமல் சாமியிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று அரைகுறை மலாயில் கேட்டுவிட்டேன். காக் லெட்சுமி (அக்காவை இங்கே காக் என்போம்) பலகாரத்தை முகர்ந்தபடியே சொன்னார்: "சாமிக்கு என் பேச்சு புரிகிறது. உன் மலாய்தான் எனக்குப் புரியவில்லை."

ஊர் கேட்டுச் சாப்பிட்டவர்

அடுத்து ஒரு கங்காணி. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக்கொடுப்பவர். போனவர்களில் ஒருவரும் திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை. அவர் என் ஊரையும் சாதியையும் விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகே இலையில் கை வைத்தார். சீனன் கடையில் வாய் வைக்கமாட்டாராம். செட்டிகள் கலந்துபோனவர்களாம். உள்ளே விறகு பிளந்துகொண்டிருந்த முருகேசனுக்கு என்ன வயது என்றும் கேட்டார். சின்னப் பையன்தான் என்று மழுப்பினேன். ஆனால் நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே, பயப்படுவதா, நம்புவதா? ஒன்றும் ஓடாமல் இன்னொரு பலகாரம் வைத்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்: "நம்ம ஆளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா, தங்கச்சி?"

முன்னோர் பந்தி

மாம்பழக் காலத்தில் செட்டி வீடுகளில் பார்ச்சு என்ற படையல். செத்துப்போன முன்னோருக்கு இலை போட்டுப் படைத்து, திரையை இழுத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள். அந்த வருஷம் சோற்றுக்குப் பதில் என் கிழங்குப் பலகாரம்தான். பக்கத்தில் நாற்றமடிக்கும் இறால் விழுதில் அரைத்த பெலாச்சான் சம்பல் வேறு. எங்கள் முன்னோராக இருந்தால் எழுந்து போயிருப்பார்கள்.

கூடையோடு நானும் முருகேசனும் காக் லெட்சுமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில், கங்காணி ஒரு ஜப்பான் சிப்பாயோடு தெருவில் வருவது தெரிந்தது. காக் லெட்சுமி யாரையும் கேட்கவில்லை. முருகேசனைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, உள்ளே முன்னோர் சாப்பிடுகிறார்கள், யாரும் போகக்கூடாது என்று வாசலில் நின்றார். கங்காணி தடுமாறிக்கொண்டே சிப்பாய்க்குக் கையால் ஜாடை காட்டி விளக்கினார். சிப்பாய் ஊதுவத்திப் புகையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், திரைக்கு முன் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கங்காணியும் பின்னாலேயே போனார்.

திரையை விலக்கினால், ஓர் இலை மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலி. பக்கத்தில் தலைகுனிந்து முருகேசன். காக் லெட்சுமி இலையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்: "இத்தனை வருஷம் படைக்கிறேன், இன்றைக்குத்தான் ஒருத்தர் சம்பல்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறார்."

நம்ம ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. அதனால் யார் வந்தாலும் முதலில் பலகாரத்தை நீட்டிவிட்டு, அப்புறம்தான் பயப்படுகிறேன்.