படப்பையில் நிறுத்திய ஆசிட் டேங்கர்

நான் மோட்டார் வாகன ஆய்வாளரான புதிதில், அபாயகரமான சரக்கு ஏற்றிவரும் வண்டிகளைச் சோதிக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். அதற்கு இரண்டு நாள் பயிற்சியும் உண்டு. முதல் நாள் மதியம் பிரியாணி போட்டதால், பிற்பகல் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சான்றிதழை மட்டும் லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை படப்பையில், ஒரகடம் போகும் சாலையோரம், ஒரு சல்ஃப்யூரிக் ஆசிட் டேங்கரை நிறுத்தினேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமாக இறங்கி வந்து ஃபைலை நீட்டினார். பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. எனக்குச் சற்று ஏமாற்றம்தான். கடைசித் தாளில் பிடித்துவிட்டேன். இந்த மாதிரி வண்டி ஓட்டுபவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பயிற்சிச் சான்று, கெடு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"பயிற்சி இல்லாம இதை ஓட்டலாமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வீங்க?"

எதிரே டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். டேங்கரின் பின்பக்க வால்விலிருந்து ஆசிட் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் மண் கருகிப் புகைந்தது.

பயிற்சி பெற்ற அதிகாரி சும்மா நிற்கலாமா? கடைக்கு ஓடி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இன்னா சார் பண்றீங்க? கீழ வைங்க. தண்ணி பட்டா கொதிச்சு மூஞ்சிலயே அடிக்கும்."

வைத்தேன்.

"அந்தாண்ட போய் நில்லுங்க. காத்து இப்படிக்கா அடிக்குது. அப்டியே ஃபயர் சர்வீஸுக்கு ஒரு போன் போடுங்க சார்."

போட்டேன். அவர் கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டார். வண்டியிலிருந்த வாளி மணலைச் சிந்திய இடத்தைச் சுற்றிக் கொட்டினார். பிறகு ஸ்பேனரால் வால்வை முடுக்க, சொட்டு நின்றது. கம்பெனிக்கு போன் செய்து, ஆள் வந்து வால்வைப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். இவ்வளவும் நடந்து முடியும்வரை, அவர் காட்டிய இடத்தைவிட்டு நான் ஓரடிகூட நகரவில்லை.

ஃபயர் சர்வீஸும் வந்து பார்த்துவிட்டுப் போய், எல்லாம் அடங்கியபின் அவருடைய ஃபைல் இன்னும் என் கையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எழுதுங்க சார். தேதி முடிஞ்சது முடிஞ்சதுதானே. கிளாஸுக்குப் போக லீவு கேட்டுக்கினே கீறேன், கம்பெனில வுடல."

ஓட்டுநரைப் பயிற்சிக்கு அனுப்புவதும் வால்வைப் பராமரிப்பதும் வண்டி உரிமையாளரின் பொறுப்பு. அந்த விதி நல்லவேளையாக எனக்கு நினைவிருந்தது. நோட்டீஸை நிறுவனத்தின் பேரில் எழுதினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் ஓட்டுநர்களுக்கான மூன்று நாள் வகுப்பில், மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேஸ் என்றார் ஒருவர், பெட்ரோல் என்றார் இன்னொருவர், எனக்குப் பக்கத்திலிருந்தவர் அமோனியா என்றார்.

"ஜீப்" என்றேன் நான்.

"அதுல என்ன ஏத்துவீங்க?"

"என்னைத்தான்."

அமோனியாக்காரர் தன் நோட்டை எனக்கும் தெரியும்படி நகர்த்தி வைத்தார்.