எல்லாப் பெட்டியிலும் ஓட வேண்டிய சிடி

இப்போது கல்யாண வீடியோ என்றால் போனில் தட்டினால் வந்துவிடுகிறது. என் கல்யாணத்துக்கு ஆலங்காயம் ஸ்டுடியோக்காரர் கொடுத்தது டிவிடி. மலையில் எங்கள் ஊரிலோ பாதிப் பேரிடம் பழைய விசிடி பிளேயர், இரண்டொரு வீட்டில்தான் டிவிடி பிளேயர். அம்மாவிடம் எதுவுமே கிடையாது. யார் வீட்டு டிவி அன்றைக்கு நல்ல புத்தியோடு இருக்கிறதோ அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அம்மா அதைப் பார்த்தே ஆக வேண்டும். எனக்குத் தாலி ஏறியபோது அவள் சமையல்கட்டில் இருந்தாள். கணவனை இழந்தவள் மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். மலையில் நாங்கள் அதையெல்லாம் அவ்வளவு பார்ப்பதில்லை. "எதுக்கும்மா வம்பு" என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போனேன். "அண்ணே, எந்தப் பெட்டியில போட்டாலும் ஓடுற மாதிரி ஒரே சிடி குடுங்க. ரெண்டா குடுத்தா எத எதுல போடறதுன்னு அம்மாவுக்குத் தெரியாது."

"விசிடியா போட்டா ரெண்டுலயும் ஓடும்மா. படம் கொஞ்சம் மங்கும். ஒரு மணி நேரம்தான் புடிக்கும். இன்னாத்த வெட்டறது?"

"பந்திய வெட்டுங்க. தாலி கட்றதுல கை வெக்காதீங்க."

மாமனார் மூன்றாவது முறை பாயசம் வாங்குகிற காட்சி அதில் போனது. எனக்கு வருத்தமில்லை.

கடையிலேயே இரண்டு பெட்டியிலும் போட்டுக் காட்டினார். ஓடியது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலையேறி அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு விசிடியில் போட்டோம். ஓடவில்லை. அடுத்த தெருவில் ஒரு அக்கா வீட்டு டிவிடியில் போட்டோம். அதிலும் ஓடவில்லை. ஸ்டுடியோக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே சிடியை வெளியே எடுத்துத் திருப்பினேன். பளபளக்கிற பக்கம் முழுக்க மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்க மாட்டோம். தையல் மெஷினுக்கும் வைத்தோம், சைக்கிளுக்கும் வைத்தோம். பளபளப்பாக இருப்பதுதான் முகம் என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

"இன்னாம்மா, இதுக்கு மேலயா பொட்டு வெப்பாங்க?"

அவள் இருண்டு கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உனுக்கு வெக்க முடியலியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து மறுபடி போட்டேன். படம் வந்தது. தாலி கட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். அந்த வீட்டு அக்காவிடம் மஞ்சள் குங்குமம் கேட்டு வாங்கி, அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"இப்ப வெய்மா" என்றேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கன்னத்தில் மஞ்சள் தடவி, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, "போடு, ஓடட்டும்" என்றாள்.