தேங்காய் எண்ணெயும் மின்னேற்றமும்

போன கிழமை என்ட பேத்தி சீப்பும் கையுமா வந்து குந்தினாள். முகம் தொங்கிப் போய்க் கிடக்கு.

"என்னகா புள்ள, பேன் கூடிப்போச்சா?"

"இல்ல அப்பப்பா. மின்னேற்றத்தில முட்டை."

அவள் ஓ.எல். படிக்கிறவள். விஞ்ஞானப் பாடத்தில செய்முறையாம். சீப்பைத் தலைமயிரில தேய்ச்சு, கடதாசித் துண்டுக்குக் கிட்டக் கொண்டுபோனா அது எழும்பி வந்து ஒட்டுமாம். இதுக்குப் பேர் நிலைமின்னியல். விளையாட்டில்ல... இதில மார்க்ஸ் எடுக்கிற ஆக்களைத்தான் திருகோணமலைக்கு, மாகாணப் போட்டிக்கு அனுப்புற. அவள் அந்தப் பயணத்தையே நினைச்சுக்கொண்டு திரியிறவள்.

புத்தகத்தில "உலர்ந்த தலைமயிர்" எண்டு கிடக்கு. மாரி காலத்தில, வாவிக் கரையில, என்ன உலருது? என்ட சாரன் ஒரு கிழமையாக் காயாமத் தொங்குது. சரி, மழையை விடுங்க. எண்ணெய் வெக்காத தலையோட எங்கட ஊர்த் தாய்மார் ஒரு புள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவாளுகளா?

மின்சாரம் எண்டதும் ஒண்டு ஞாபகம் வருது. கலியாணம் முடிச்ச புதிசில காத்தான்குடியில நைலோன் சேட் ஒண்டு வாங்கினன். நல்ல கச்சான் காத்துக் காலம், நாக்கு வரளுது. சேட்டைக் கழட்டினா படபடவெண்டு சத்தம், பொறி பறக்குது. மனுசி பேயெண்டு வேப்பிலையோட வந்தாள். அடி விழுந்தது எனக்கு. சேட்டுக்கு ஒண்டுமில்ல.

எங்க விட்டன்... ஓம், சீப்பு.

வகுப்பில எல்லாரிட சீப்பிலயும் கடதாசி ஒட்டிச்சாம். "மின்னேற்றத்தால் கவரப்பட்டது" எண்டு எழுதினாங்க, விஞ்ஞானச் சேர் சரி போட்டார். இவள் மட்டும் தேய்க்காத சீப்பொண்டையும் வெச்சுப் பாத்திருக்காள். அதிலயும் ஒட்டிச்சு! சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைச்சாள். ஒட்டல்ல. அதால "ஒட்டினது எண்ணெய்" எண்டு எழுதினாள். பிழை.

"சேரிட்ட காட்டினியாகா?"

"காட்டினன். தேய்க்காத சீப்பில நேத்தைய ஏற்றம் மிச்சம் கிடந்திருக்குமாம்."

"கழுவினதுக்கு?"

"சவுக்காரம் ஏற்றத்தைக் கழுவிப்போட்டுதாம்."

பாத்தீங்களா? எந்தப் பக்கத்தால போனாலும் கதவைச் சாத்துறார். கோட்டில வாதாடுற அப்புக்காத்தா வந்திருக்க வேண்டிய மனிசன்.

"மற்றப் புள்ளையள் என்ன சொல்லுதுகள்?"

"நேரேற்றம், மறையேற்றம் எண்டு ரெண்டு இருக்கு அப்பப்பா. மறையேற்றம் எண்டா மறைஞ்சு கிடக்கிறது, அதுதான் கண்ணுக்குத் தெரியல்லயெண்டு பானு சொல்றாள். அவளுக்கு முழு மார்க்ஸ்."

ஆனா சேர் இரக்கமுள்ள ஆள். "கவரப்பட்டது எண்ட சொல்லு வரணும். அது வந்தா மார்க்ஸ் தாறன், திருத்திக்கொண்டு வா" எண்டிருக்கார்.

"எழுதினா பொய் அப்பப்பா. எழுதாட்டி திருகோணமலை இல்ல."

நானெண்டா எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறியிருப்பன். அவள் சீப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தாள்.

விடிஞ்சதும் ஒரு வரி எழுதிக் கொண்டு போனாள்: "கடதாசி தேங்காய் எண்ணெயால் கவரப்பட்டது."

சேர் "கவரப்பட்டது"க்குக் கீழ ஒரு கோடு இழுத்து, முழு மார்க்ஸும் போட்டு, போட்டிக்கும் பேரைக் குடுத்துட்டார்.

அதுக்கு முன்னால கிடந்த எண்ணெய் அவர்ர கண்ணில படல்ல. படிச்ச மனிசன்... அவருக்கு வாசிக்கவும் வேணுமா?