பால் வராத தோடு

இன்று புந்தோங் பாசாரில் என் தோட்டுக் கடை முன் ஓர் அக்கா வந்து நின்றார். ஃபேக்டரி சீருடை. என் 'பால்மரம்' வரிசையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

வெள்ளித் தகட்டில், பாலெடுக்க ரப்பர் மரப்பட்டையில் கத்தி போட்ட மாதிரி ஒரு சாய்ந்த கோடு. கீழ் நுனியில் பால்துளியாக ஒரு வெள்ளை முத்து. அட்டையில் எழுதியிருந்தேன்: 'என் தோட்டத்து நினைவுகளிலிருந்து.'

"தங்கச்சி எந்த எஸ்டேட்டு?"

மழுப்பினேன். நான் ஈப்போ டவுனில் பிறந்தவள். ரப்பர் மரத்தைக் காரிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு இணையத்தில் கிடைத்த படம்.

அக்கா ஒரு தோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது சரி. இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. அந்த இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சாயுது லா. அப்படி வெட்டுனா பால் கம்மியாத்தான் வரும். எஸ்டேட்டுல எங்க வெட்டப் பாக்க வர்ற மண்டோர் பாத்தா ஏசித் தீத்திருப்பாரு."

"ஜோடியாச்சே அக்கா, அதான் திருப்பிப் போட்டேன்."

"மரத்துக்கு ஏதும்மா ஜோடி?"

முழு விலையும் கொடுத்தார். சரியானதை மட்டும் காதில் மாட்டிக்கொண்டார். மற்றதை என் கையில் வைத்தார்.

"இத நீ போட்டுக்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்காரவே முடியவில்லை. அட்டையை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன். மூன்றும் பொய்யாகவே வருகின்றன. அந்தத் தோடு என் ஒரு காதில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, எண்ணெய்ப்பனையை வைத்து 'செம்பனை' வரிசை. அதில் என்ன தப்பு செய்யப்போகிறேன் என்று தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு காதுதான் காலியாக இருக்கிறது.