அண்ணி கம்பைல் செய்த நாள்

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு என்பதால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. எதிரே லாரி மேலே ஏறுகிற மாதிரி வந்தாலும், "ஓரமா ஒதுங்கு, இன்னும் கொஞ்சம், அவ்ளோதான்" என்று கடையில் காய் வாங்குகிற குரலில்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பார். கை பட்டால் வெடித்துவிடும் என்பதுபோல் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்.

அண்ணன் நேர் எதிர். மென்பொருள் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அதிலும் அவனுக்கு ஒரு கிறுக்கு: எதையும் ரெடிமேடாக வாங்கமாட்டான். எழுதியவர்கள் வெளியிட்டிருக்கும் மூலநிரலைக் கொண்டுவந்து, தன் கணினிக்கு ஏற்றபடி தானே கட்டிக்கொள்வான்; அதைக் கம்பைல் செய்வது என்பான். கல்யாணமான புதிதில் அண்ணி இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"கடையில தொங்குற சட்டையை வாங்குறதுக்குப் பதிலா துணி எடுத்துத் தைக்கிறோம்ல, அது மாதிரி. முதல்ல அளவெடுக்கணும், அது கான்ஃபிகர். அப்புறம் வெட்டித் தைக்கணும், அது மேக். கடைசியா அலமாரியில மாட்டணும், அது இன்ஸ்டால்" என்றானாம் அண்ணன்.

"அந்த நேரத்துக்கு ரெண்டு சட்டையை வாங்கிப் போட்டுட்டுப் பொழப்பப் பாக்கலாமே" என்றாராம் அண்ணி.

பிறகு அண்ணனுக்கு நோய் வந்தது. முதலில் டம்ளர் கையிலிருந்து நழுவியது. அடுத்து காலில் செருப்பு நிற்கவில்லை. நாக்கு குழறத் தொடங்கியதும் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும், அறிவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்றார். நல்ல செய்தி போல அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

விரல்கள் முழுக்க ஓய்வதற்குள் அண்ணன் ஒரு காரியம் செய்து முடித்தான். கண் எங்கே பார்க்கிறது என்பதைக் காமிரா மூலம் கண்டுபிடித்து, திரையில் அந்த இடத்தில் உள்ள எழுத்தை எடுத்துக்கொண்டு, சொல்லாகச் சேர்த்துப் பேசிக்காட்டும் மென்பொருள் ஒன்றை யாரோ எழுதி மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அதில் அவன் தமிழைச் சேர்த்தான். கூடவே ஒரு மணியையும் சேர்த்தான். திரையின் வலது மேல் மூலையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி அலறும். தொண்டையில் சளி அடைத்தால் அந்த மணிதான் அவன் கூப்பாடு. அவன் மாற்றி எழுதிய நிரல் அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் உடம்பில் கண்கள் மட்டும் மிஞ்சின.

அந்தக் கணினி காலையில் எழும்போதெல்லாம், "இப்போது புதுப்பிக்கட்டுமா?" என்று கேட்கும். அண்ணி எப்போதும் "பிறகு" என்பதை அமுக்கிவிடுவார். ஒரு நாள் காலை, ஒரு கையில் மருந்துக் கிண்ணத்தைப் பிடித்தபடி, அவசரத்தில் "சரி" என்பதை அமுக்கிவிட்டார். கணினி தானாக அணைந்தது. எழுந்தபோது எல்லாம் வந்தது, அண்ணனின் மென்பொருள் மட்டும் வரவில்லை. அமுக்க அமுக்க, ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மறைந்தது.

அவன் தங்கை நான், அடுத்த தெருவில் இருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை. போனில் அண்ணியின் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அவர் பேசமாட்டேங்குறார். நான் என்னமோ பண்ணிட்டேன். சீக்கிரம் வா."

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் சாய்ந்து படுத்திருந்தான், எப்போதும் போல. கண் மட்டும் அண்ணியிடமிருந்து என்னிடமும், என்னிடமிருந்து அண்ணியிடமும் அலைந்தது. அறையில் சளி உறிஞ்சும் இயந்திரம், மடித்த துண்டுகள், கட்டிலுக்கு எதிரே கைநீட்டும் தூரத்தில் திரை. அண்ணி அதற்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அண்ணனின் பழைய அலுவலக நண்பருக்குப் போன் போட்டோம். வெளியூரில் இருந்தார்.

"அடியில இருக்கிற லைப்ரரி, அதாவது இவர் புரோகிராம் நம்பியிருக்கிற மத்த புரோகிராம் எல்லாம் மாறியிருக்கும். பழைய அளவுக்குத் தைச்சது இப்போ பொருந்தாது. கவலைப்படாதீங்க, நாளைக்கு வந்து மொத்தத்தையும் துடைச்சிட்டுப் புதுசா ஏத்திடறேன்" என்றார்.

"துடைச்சா இவர் எழுதினது?" என்றார் அண்ணி.

"காப்பி எடுத்து வச்சிருப்பாரே?"

அண்ணன் கண்ணை இறுக மூடினான். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. அது எங்களுக்குள் முன்பே இருந்த ஏற்பாடு. அண்ணி போனை வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மின்சாரம் போனால் உதவும் என்று நர்ஸ் கொடுத்திருந்த ஆங்கில எழுத்து அட்டையை எடுத்தேன். ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக் கேட்க வேண்டும். சரியான வரிசை வந்தால் கண் தூக்குவான். பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வோர் எழுத்தாக. ஒரு சொல்லுக்குள் அவன் களைத்துவிடுவான், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அண்ணன் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து சொன்னான். நீ.

"யாரு, நானா?" என்று கேட்டார் அண்ணி.

கண் மேலே போனது.

"விளையாடுறீங்களா? ஒரு பட்டனைத் தொட்டதுக்கே இந்தக் கதி. இன்னும் நான் கை வச்சா என்ன மிஞ்சும்?"

கண் மேலேயே நின்றது.

அண்ணி கட்டிலின் ஓரத்தில் முக்காலியைப் போட்டு, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுத்துக்களைக் கூட்டினேன், அவர் ஒற்றை விரலால் அடித்தார். கட்டளை எழுதும் கருப்புத் திரை திறந்தது. கான்ஃபிகர் என்ற கட்டளையை அடித்துவிட்டு, கடைசியாக என்டர் விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு அமுக்காமலே இருந்தார்.

"இதை அமுக்கினா இருக்கிறதும் போயிடுமோ?"

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். போகாது.

அமுக்கினார். வரிவரியாக ஓடியது. இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது என்று கணினி தன் வீட்டுச் சாமான்களைத் தானே சரிபார்த்துக்கொண்டு போய், ஓரிடத்தில் ஏதோ கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. அண்ணிக்குக் கை சில்லிட்டுப்போனதை நான் தொட்டுப் பார்த்தேன். கிடைக்காத பொருளை முதலில் ஏற்ற வேண்டும் என்பதை அண்ணன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். ஏற்றப்போனால் கணினி கடவுச்சொல் கேட்டது.

அதையும் அட்டையில் கூட்டினோம். கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் அண்ணிக்கு வைத்திருந்த செல்லப் பெயர் அது. எனக்குத் தெரியக்கூடாத பெயர். அண்ணியின் முகம் அந்த நிலைமையிலும் சிவந்தது. அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"ஐயோ, ஒண்ணுமே விழலையே! கெடுத்துட்டேனா?"

இல்லை என்று கண் மூடித் திறந்தது. கடவுச்சொல் அங்கே கண்ணுக்குத் தெரியாதாம். கிடைக்காதிருந்த பொருள் இறங்கி வந்தது. மறுபடி கான்ஃபிகர். இந்த முறை கடைசிவரை ஓடி முடிந்தது.

அடுத்து மேக். திரையில் எழுத்துக்கள் மடமடவென்று கொட்டத் தொடங்கின. நடுநடுவே எச்சரிக்கை, எச்சரிக்கை என்று வண்ணத்தில் வரிகள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டார். "இது பரவாயில்லையா? இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் கண் மேலே போனது. கொஞ்சம் நிம்மதி வந்தது. சளி இயந்திரத்தின் ஜாடியைக் கழுவிவைக்கலாம் என்று நான் அதைக் கழற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

குழாயைத் திறந்துவைத்திருந்ததால் எனக்கு முதலில் கேட்கவில்லை. அண்ணி பிறகு சொன்னது இது. திரையைப் பார்த்தபடி, "என்னங்க, இது சிவப்பா வருதே, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேட்ட பிறகுதான், பதில் கண்ணில்தான் வரும் என்று உறைத்துத் திரும்பியிருக்கிறார். அண்ணன் இவரைப் பார்க்கவில்லை. திரையின் வலது மேல் மூலையை வெறித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் கருப்பு மட்டும்தான் இருந்தது. மணி இல்லாத மூலையைப் பார்த்து, உதடு நீலம் பாரித்து, அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"ஜாடி! ஜாடி எங்கடீ!"

அண்ணி என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஈரக் கையோடு ஓடினேன். மூடி சரியாக உட்காரவில்லை, வழுக்கியது. அண்ணி அவனை ஒருக்களித்துப் புரட்டி முதுகில் தட்டினார். இயந்திரம் உறுமியது. குழாய் தொண்டைக்குள் போனது. எதுவும் வரவில்லை, வரவில்லை, பிறகு ஒரு கட்டியாக வந்தது. மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

அவன் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. திரையில் ஓட்டம் எப்போதோ நின்று, பிழை என்ற சொல்லோடு காத்திருந்தது.

"போதும். நாளைக்கு இவர் ஃப்ரெண்டே வந்து துடைக்கட்டும், என்னமோ பண்ணட்டும். நான் இவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்" என்றார்.

அண்ணன் அட்டையைப் பார்த்தான். நான் வேண்டாம் என்றேன், களைத்துப்போவாய் என்றேன். அவன் பார்வையை எடுக்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சேர்த்தால், ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல். பயம்.

"எனக்குப் பயம்னு சொல்றீங்களா? ஆமா, பயம்தான்" என்றார் அண்ணி.

கண் மூடியது. இல்லை.

அண்ணி மெல்ல எழுந்து அவன் முகத்தருகே குனிந்தார். "உங்களுக்கா?"

கண் மேலே போனது.

இத்தனை காலத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. மென்பொருளில் அவன் பேசியதெல்லாம் கிண்டலாகவும் கணக்கு வழக்காகவும்தான் இருக்கும். அண்ணி அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எழுந்துபோகாதே. அவர் முகத்தை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காதே" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

பிழை இன்ன கோப்பில், இன்ன வரியில் என்று கணினியே காட்டியிருந்தது. அது அண்ணன் மணிக்காக எழுதிய பகுதி. அவன் பயன்படுத்திய ஒரு சொல் புதிய லைப்ரரியில் பெயர் மாறிவிட்டதாம். கீழே, வேறொரு சொல்லைக் காட்டி, "இதைத்தான் சொல்ல வந்தீர்களா?" என்று கணினி கேட்டிருந்தது. அண்ணி அதை வாய்விட்டுப் படித்தார்.

"இதைத்தான் சொல்ல வந்தீங்களா?"

கண் மேலே போனது, தயங்காமல்.

அண்ணன் எழுதிய வரியில் அண்ணி கை வைத்தார். பழைய சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்து, புதியதை எழுத்துக்கூட்டி அடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்தார். மறுபடி மேக். நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் திரை எனக்குத் தெரியவில்லை. அண்ணியின் மூச்சு மட்டும் கேட்டது, நின்று நின்று. வெகுநேரம் கழித்து, "முடிஞ்சிருக்கா? பிழைன்னு எதுவும் போடலையே?" என்றார். அண்ணன் கண் மேலே போனது.

இன்ஸ்டால் கட்டளையை அடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு மென்பொருளைத் திறந்தார். தலைகாட்டியது. மறைந்துவிடும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மறையவில்லை. காமிரா விளக்கு எரிந்தது, எழுத்துக்கள் வரிசையாக வந்து நின்றன.

அண்ணன் முதலில் மூலையைப் பார்த்தான். மணி அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தபோது, அந்தத் தட்டையான கணினிக் குரல் ஒரு சொல் சொன்னது.

"மூக்கு."

"என்ன, மூக்குல என்ன? அடைக்குதா?" அண்ணி பதறினார்.

"அரிக்குது. காலையிலிருந்து."

அண்ணி அவன் மூக்கைச் சொறிந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி வெகுநேரம் சொறிந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் வந்த நண்பர் நிரலுக்குப் பல பிரதிகள் எடுத்துக் கொடுத்தார். ஒன்று என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. புதுப்பிக்கட்டுமா என்ற கேள்வியையே வராதபடி செய்துவிட்டுப் போனார். அண்ணி ஒரு பழைய மடிக்கணினியில் அதைத் திரும்பத் திரும்பக் கட்டிப் பழகுகிறார். இப்போதும் இன்ஸ்டால் அடிக்கும்போது கை சில்லிட்டுத்தான் போகிறது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். யார் திரையைப் பார்த்தாலும் இன்னொருவர் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

போன வாரம் அண்ணன் அண்ணியிடம் ஒரு வேலை சொன்னான். கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது முன்போல் முடியவில்லையாம். மணிக்காக மூலையை உற்றுப் பார்க்க வேண்டிய நேரத்தைக் குறைக்க வேண்டும், அது நிரலில் ஓர் எண்தான், நீயே மாற்று என்றான். அண்ணி எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, அந்த எண் இருக்கும் வரியைத் தேடத் தொடங்கினார். நான் நாற்காலியை அண்ணனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.