இடைவேளையில் அத்தை கேட்டது

இன்னைக்குப் புதுக்கோட்டை தியேட்டர்ல ஒரு காமெடிப் படம். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ரகசியத்தை மறைக்கிற குடும்பத்தோட கதை. எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்கு ஒக்காரவே முடியல.

இடைவேளையில பாப்கார்ன் வரிசையில மாமியார் மெதுவாக் கேட்டாங்க. "கோயமுத்தூர்ல ஒனக்கு வேலை கெடச்சிருச்சுல்ல? நீ போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா, அத்தை?"

"நீயே சொல்லுவேன்னு நாலு நாளாப் பாக்குறேன்."

திரும்பி வர்ற பஸ்ல அவர் பெருமையாச் சொன்னாரு. "நல்லவேளை, நம்ம வீட்ல இப்படி மறைக்கிற பழக்கம் இல்ல."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

திங்கக்கிழமை வேலையில சேரணும். வேணாம்னு சொல்லிருவாரோன்னு பயம். இப்ப அவர் ஹால்ல போனும் கையுமா இருக்காரு. நான் அடுப்படியில நின்னு இதை எழுதுறேன்.

என் பதிவுக்கு மொத லைக் எப்பவும் அவரோடதுதான். இன்னைக்கு அவருக்கு முன்னாடி யாரும் போட்டுறாதீங்க.